மழுங்கிய கத்தி என் விரலில் இறங்கியது: மரம் செதுக்கப் பழகுகிறவர்களுக்கு

மரம் செதுக்கப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் யாராவது இருந்தால், முதல் கத்தியை வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு இதில் போனது இடது ஆள்காட்டி விரலின் பாதி வேலை, 80,000 ரூபாய்க்கு மேல் பணம், அதோடு ஒரு சீசன் வருமானம். இதில் எதுவுமே போயிருக்க வேண்டியதில்லை. "முதலில் தீட்டக் கற்றுக்கொள், அப்புறம் மரத்தைத் தொடு" என்று ஒருத்தர், "விரல் வெட்டுப்பட்டால் தையல் போடுவதற்கு முன்னால் நுனி மடங்குகிறதா என்று பார்" என்று இன்னொருத்தர், இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல ஆள் இருந்திருந்தால் போதும். எனக்கு யாரும் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் பிளான்டில் கணக்கு எழுதுகிறவன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை எங்கள் கரையில் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸுக்கு வேலை இல்லை, எனக்கும் பாதிச் சம்பளம்தான். அந்தச் சும்மா இருக்கிற நாட்களில் சின்னதாக ஒரு வத்தை, ஒரு வள்ளம் என்று எங்கள் பக்கத்துப் படகுகளை மரத்தில் செதுக்கிப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஆன்லைனில் ஒரு செதுக்குக் கத்தி செட் வாங்கினேன், 3,800 ரூபாய். ஹை கார்பன் ஸ்டீல், கடினம் 60 ஹெச்ஆர்சி (இரும்பின் கடினத்தைச் சொல்கிற ராக்வெல் அளவு), பெட்டியைப் பிரித்ததுமே வேலை செய்யலாம் என்று போட்டிருந்தது. வந்த கத்தியின் வாயைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இயந்திரச் சாணையின் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருந்தன. வெயிலில் திருப்பினால் விளிம்பு ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. அப்படி மின்னினால் அங்கே கூர் இல்லை என்று அர்த்தம், நல்ல கூருக்கு வெளிச்சத்தைத் திருப்பியடிக்க அகலமே இருக்காது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இன்னொரு சோதனையும் சொல்கிறேன். புது அரம் ஒன்றை எடுத்துக் கத்தியின் அடிப்பக்கம், கைப்பிடியை ஒட்டின இடத்தில், லேசாக ஓட்டிப் பாருங்கள். பதம் ஏறின, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கின இரும்பில் அரம் சறுக்கிக்கொண்டு போகும். கடித்துப் பிடித்தால் அது பச்சை இரும்பு, 60 என்று எழுதியிருந்தது பொய். என் செட்டில் பாதிக் கத்தி அப்படித்தான் இருந்தது. திருப்பி அனுப்பக் கெடு தாண்டிவிட்டது என்று விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதனால் பார்சல் வந்த அன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் துரு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் பக்கம் ஜன்னல் கம்பியை விரலால் தடவினாலே உப்பு ஒட்டும். 1914-ல் திறந்த பாம்பன் பழைய ரயில் பாலத்துக்குக் காலம் முழுக்கப் பெயின்ட் அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள், 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்குக் கான்கிரீட்டின் உள்ளே போகிற கம்பியைக் கூடத் துருப்பிடிக்காத எஃகில்தான் போட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் ஒரு கார்பன் ஸ்டீல் கத்தியைத் தோலுறையில் போட்டு வைத்தால் என்ன ஆகும்? தோல் ஈரத்தையும் உப்பையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் வாய் நெடுகச் செம்புள்ளி, துடைத்தால் அதன் கீழே கண்ணுக்கே தெரியாத குழிகள். அந்தக் குழி ஒவ்வொன்றும் கூரில் ஒரு பல் உடைந்த இடம்தான். கடலோரத்தில் இருக்கிறவர்கள் கத்தியை உறையில் வைத்து மறக்கக் கூடாது. வேலை முடிந்ததும் துடைத்து, மெஷின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ மெல்லிசாகத் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, மூடி இறுகுகிற டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாடைக் காலத்திலும் இதே கதைதான்.

கத்தி இறங்கவில்லை என்றதும் தெருவில் வந்த சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தேன். அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கை நல்ல கை. ஆனால் மெல்லிய செதுக்குக் கத்தியை மோட்டார் சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் வைத்தால் நுனி நொடியில் சூடேறிவிடும். வாங்கிப் பார்த்தபோது நுனியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீலம் ஓடியிருந்தது, அழகாகவே இருந்தது. நீலம் வந்தால் இரும்பு 300 டிகிரி வரை போயிருக்கிறது, அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அன்றைக்குக் காகிதத்தைச் சர்ரென்று அறுத்தது, மரத்தில் நாலு சீவல் போட்டதும் மழுங்கியது. நீலம் ஏறின பகுதியைத் தேய்த்து எடுத்தால் ஒழிய அந்தக் கத்தி திரும்ப நிற்காது.

அந்தக் கத்தியால்தான் வெட்டுப்பட்டது. காய்ந்த சவுக்குத் துண்டில் படகின் முன்முனையான அணியம் பக்கத்தை வளைத்துக்கொண்டு வந்தேன். கூர் உள்ள கத்தி போகிற வழியில் போகும், மழுங்கின கத்தி நிற்கும், நாம் அழுத்துவோம், இன்னும் நிற்கும், இன்னும் அழுத்துவோம், திடீரென்று மரம் விட்டுக்கொடுத்த நொடியில் அத்தனை அழுத்தமும் எதிரில் இருக்கிற கைக்கு வந்து சேரும். மரத்தைப் பிடித்திருந்த இடது கையில், ஆள்காட்டி விரலின் உள்பக்கம், நடுக்கணுவுக்குக் கீழே இறங்கிவிட்டது. வலி பெரிதாக இல்லை, அதுதான் ஏமாற்றியது. பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து காப்பித்தூளை அள்ளி வைத்தார்கள், நல்ல எண்ணம்தான். அதைக் கழுவி எடுக்கத்தான் கிளினிக்கில் உயிர் போனது.

ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். கழுவி, டிடி ஊசி போட்டு, தோலைத் தைத்து, "வெறும் சதை வெட்டுதான், வீக்கம் வத்தினா மடங்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். விரலை மடக்கிக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. தையல் பிரித்தார்கள், வீக்கம் வற்றியது, விரல் நுனி மட்டும் மடங்கவே இல்லை. மறுபடி போய்க் கேட்டால் "பயிற்சி பண்ணுங்க, சரியாயிடும்" என்றார்கள். வெந்நீரில் வைத்து மடக்கினேன், மற்ற கையால் பிடித்து மடக்கினேன். நுனி அடுத்தவன் விரல் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. வாரங்கள் இப்படியே ஓடின. வீட்டில் சொன்னால் மரச்சாமான் எல்லாம் அடுப்புக்குப் போகும் என்று சொல்லவில்லை, ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு ஒரு நாள் தனியாக மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

மதுரையில் கை அறுவைச் சிகிச்சை பார்க்கிற டாக்டர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். நடுக்கணுவை நேராகப் பிடித்துக்கொண்டு "நுனியை மட்டும் மடக்குங்க" என்றார். அசையவில்லை. விரலை மடக்குகிற டெண்டன், அதாவது தசையையும் எலும்பையும் இணைக்கிற நாண், அறுந்து, கைப் பக்கத்துப் பாதி உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார். வெட்டுப்பட்ட ஒரு வாரம், பத்து நாளுக்குள் வந்திருந்தால் இரண்டு முனையையும் நேரே சேர்த்துத் தைத்திருக்கலாமாம். இப்போது சுருங்கிவிட்டது, வேறு இடத்திலிருந்து டெண்டன் எடுத்து ஒட்ட வேண்டும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கச் சொன்னார், மணிக்கட்டு நடுவில் ஒரு நாண் புடைத்துக்கொண்டு நின்றது. "இதைத்தான் எடுப்போம். சில பேருக்குப் பிறவியிலேயே இது இருக்காது, உங்களுக்கு இருக்கு" என்றார். அறுவை, தங்கினது, மருந்து, அப்புறம் பிசியோதெரபிக்குப் போய் வந்த செலவு எல்லாம் சேர்த்துத்தான் மேலே சொன்ன தொகை. ஆறு வாரம் மணிக்கட்டை வளைத்து வைத்துச் சிம்பு (ஸ்பிளின்ட்) கட்டியிருந்தார்கள், மூன்று மாதம் அந்தக் கையில் கனமாக எதையும் தூக்கக் கூடாது. சட்டைப் பித்தான் போட முடியாது, லெட்ஜரைப் பிடித்துப் புரட்ட முடியாது. தடைக்காலம் முடிந்து ஐஸுக்கு ஆள் அடிபிடியாக நிற்கிற நேரத்தில் நான் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு ராத்திரி அழுதேன். கத்தி வெட்டினதற்காக இல்லை, ஒரு நிமிடச் சோதனையை யாரும் செய்யாமல் விட்டதற்காக.

அதனால் இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கை வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரத்தம் கட்டுக்குள் வந்ததும், மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன்னால், இரண்டு விஷயம் பாருங்கள். நடுக்கணுவை மற்ற கையால் நேராகப் பிடித்துக்கொண்டு நுனி தானாக மடங்குகிறதா, விரலின் இரண்டு ஓரத்திலும் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா. இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் தோலைத் தைத்து அனுப்ப விடாதீர்கள், டெண்டனும் நரம்பும் பார்க்கிற டாக்டர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜன் என்று கேட்டாலும் சரி, கை அறுவையை அவர்களில் நிறையப் பேர் செய்வார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது. மதுரையானாலும் சென்னையானாலும், போன் செய்து அந்த டாக்டர் அன்றைக்கு இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மடங்குகிறது, ஆனால் மடக்கும்போது குத்துகிறது என்றாலும் காட்டிவிடுங்கள், பாதி அறுந்த டெண்டன் அப்படித்தான் இருக்கும்.

சிம்பு கழற்றின பிறகு பலரும் கத்தியை விட்டுவிடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. தீட்டத் தெரியாமல்தானே வந்தது, அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று சாயல்குடி பக்கம் உறவில் பெரியப்பா முறையாகிற ஒரு பனையேறியிடம் போனேன். பாளையை மெல்லிசாக, காகிதம் கனத்துக்குச் சீவ வேண்டும், கூர் குறைந்தால் பாளை நசுங்கி அடைத்துக்கொள்ளும், பதநீர் இறங்காது. கூர் என்றால் என்ன என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இல்லை. அவரிடம் விலை உயர்ந்த கல் எதுவும் கிடையாது. ஒரு மரக்கட்டை, அதன்மேல் வெள்ளைக்கல்லை இடித்துச் சலித்த மாவு, அவ்வளவுதான். அரிவாளைச் சாய்த்து வைத்து ஒரே சீராக இழுப்பார், கை ஏறி இறங்காது. "ஏய்யா, வேகமா தேய்ச்சா கூரு வராது. சாய்மானம் மாறாமப் பாத்துக்க, கூரு தானா வரும்" என்றார். நான் பார்த்த வீடியோக்கள் அத்தனையும் சேர்ந்து இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

வீட்டில் நான் செய்வது இது. கனமான கண்ணாடித் துண்டு ஒன்று, ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) 400, 800, 1200, 2000 நம்பரில் ஒவ்வொன்று, ஒரு பழைய தோல் பெல்ட், பச்சை பாலிஷ் கட்டி. எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடியும். கார்போரண்டம் கல் இருந்தால் முரட்டு வேலைக்கு அது போதும், ஆனால் நடுவில் குழி விழுந்த கல்லில் தீட்டாதீர்கள், கூர் வளையும். கத்தி வாயின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். தாளைக் கண்ணாடியில் ஒட்டி நனைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். மை விளிம்பில் மட்டும் போனால் கத்தியை ரொம்பத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள், முதுகுப் பக்கம் மட்டும் போனால் ரொம்பப் படுக்க வைத்திருக்கிறீர்கள், சரிவு முழுக்கச் சீராகப் போக வேண்டும். செதுக்குக் கத்திக்கு ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும், சமையல் கத்திக்கு இருக்கிற மாதிரி அகல வாய் இதற்கு ஆகாது. ஒரு பக்கம் தேய்த்ததும் மறுபக்கத்து விளிம்பில் பிசிறு எழும்பும், நகத்தை விளிம்புக்கு வெளியே நோக்கி மெதுவாக இழுத்தால் தட்டும். அடியிலிருந்து நுனி வரை பிசிறு வராமல் அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது, முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். 2000 முடிந்ததும் பெல்ட்டில் பாலிஷ் தடவி, வாய் பின்னால் இருக்கிறபடி இழுங்கள், முன்னால் தள்ளினால் தோல் அறுந்துபோகும். கூர் வந்ததா என்று கட்டைவிரலில் பார்க்க வேண்டாம். முருங்கைக் கட்டை மாதிரி மெத்தென்ற மரத்தில் நார்க்குக் குறுக்கே ஒரு சீவல் போடுங்கள். வெட்டின இடம் வழவழப்பாக மின்னினால் கூர் உண்டு, வெள்ளைக் கீறலோ கிழிசலோ தெரிந்தால் இல்லை. வேலைக்கு நடுவில் அரைமணிக்கு ஒரு தரம் பெல்ட்டில் இழுத்துக்கொண்டால் கல்லுக்குப் போகிற வேலையே குறையும்.

அப்புறம் கத்தியை நானே செய்ய ஆரம்பித்தேன், கடைக் கத்தி மேல் நம்பிக்கை போய்விட்டதால். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். படகு வேலை நடக்கிற ஊர்களில் பழைய ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் துண்டு சல்லிசாகக் கிடைக்கும், "அருமையான கத்தி வரும்" என்று தலையில் கட்டுவார்கள். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் அது 304, 316 வகை, எத்தனை தரம் காய்ச்சித் தோய்த்தாலும் பதம் ஏறாது. தேய்ந்துபோன நல்ல அரம்தான் சின்னக் கத்திக்கு ஏற்றது, லாரியின் ஸ்பிரிங் பட்டையும் ஆகும், ஆனால் பழைய பட்டையில் உள்ளே விரிசல் ஒளிந்திருக்கும். அரத்தைச் சீமைக்கருவேலக் கரியில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆற விட்டால் மெத்தென்று ஆகிவிடும், அதன்பிறகு ராவி உருவம் கொண்டுவரலாம். எங்கள் மாவட்டத்தில் கரிக்குப் பஞ்சமே இல்லை. உருவம் வந்ததும் திரும்பக் காய்ச்சி, காந்தம் ஒட்டாமல் போகிற சூட்டைத் தாண்டிக் கொஞ்சம் விட்டு, அதாவது 800 டிகிரி சுமாருக்கு, எண்ணெயில் தோய்க்க வேண்டும். நான் போன பட்டறையில் ஆசாரி அண்ணன் வழக்கப்படி தண்ணீரில் தோய்த்தார், "டிங்" என்று ஒரு சத்தம், மெல்லிய வாயில் மயிரிழை விரிசல். அரிவாள் கனத்துக்குத் தண்ணீர் தாங்கும், மூன்று மில்லிமீட்டர் கத்திக்குத் தாங்காது. எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி, மூடி உள்ள இரும்பு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், தீப்பிடித்தால் மூடினால் அணையும், பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். அன்றைக்கே 200 டிகிரியில் ஓ.டி.ஜி என்கிற மின்சார அடுப்பில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு மணி நேரம். வைக்கோல் நிறம் வந்தால் நிறுத்துங்கள். உலைக்குக் காற்று விட ஜி.ஐ. பைப்பை நெருப்பில் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் மேலிருக்கிற துத்தநாகம் எரிந்து வருகிற வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும், முலாம் பூசின எதையும் நெருப்பில் வைக்காதீர்கள்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செதுக்க ஒன்றரை, இரண்டு அங்குல வாய் தாராளம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்படாத பட்சத்தில், ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஷோவுக்கு என்று பெரிய பிச்சுவாவெல்லாம் செய்யப் போகாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் தடை உத்தரவும் வண்டிச் சோதனையும் வழக்கம், அந்த மாதங்களில் கத்தியை வண்டியில் எடுத்துக்கொண்டு போகிற வேலையே வேண்டாம்.

மரத்துக்கு வருகிறேன். சவுக்கு வேண்டாம், இரும்பாக இருக்கும், பிளந்துகொண்டு போகும். பழகுவதற்குக் கல்யாண முருங்கை, அதன்பின் பூவரசு. பூவரசு பச்சையாக இருக்கும்போதே முரட்டு உருவம் எடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் ஃபெவிகால் பூசி, காற்று அடிக்காத மூலையில் வைத்தால் வெடிக்காமல் காயும். சீமைக்கருவேலத்தின் வைரம், அதாவது நடுக்கட்டை, அருமையான கைப்பிடியாகும், ஆனால் முள் உள்ளே முறிந்தால் புண் ஆறவே ஆறாது, கையுறை போடுங்கள். செதுக்கும்போது மரம் பிடிக்கிற கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை 400 ரூபாய்க்குள் கிடைக்கும், சீவுகிற வெட்டைத் தடுக்கும், நுனிக் குத்தைத் தடுக்காது. தொடை மேல் வைத்துச் செதுக்காதீர்கள், உள்தொடை ரத்தக்குழாய் வெட்டுப்பட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்காது. கரை ஒதுங்கின மரத்தில் மணலும் உப்பும் ஊறியிருக்கும், பத்துச் சீவலில் கூர் போய்விடும். பழைய வள்ளத்துப் பலகை என்றால் உள்ளே ஆணி இருக்கும், காந்தம் வைத்துத் தேடுங்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவும் தேசியப் பூங்கா, அங்கே ஒதுங்கின மரம் எத்தனை அழகாக இருந்தாலும் இறங்கி எடுக்கக் கூடாது. கைப்பிடியில் பதிக்கப் பவளம், ஆமை ஓடு என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள், வனத்துறை வழக்கு நிச்சயம். உச்சிப்புளி பக்கம் தோப்பு வேலியில் பூவரசு கிளை கழிக்கிற நேரத்தில் போய்க் கேட்டால், வேண்டிய கட்டையைச் சும்மாவே கொடுப்பார்கள், வெட்டினவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் வண்டியில் ஏற்றியும் விடுவார்.